தம்பியின் பையில் கிடந்த மாத்திரை அட்டையும் ரீல்ஸ் மேல் விழுந்த பழியும்

கடையம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பியின் பையைத் துவைக்க எடுத்தபோது ஒரு கண் சொட்டு மருந்து, காலியான கூல் லிப் புகையிலை டப்பா, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை என்று மூன்று சாமான் கிடைத்திருக்கிறது. "எல்லாம் இந்தப் படமும் ரீல்ஸும் பண்ணுன வேலை, முதல்ல போனைப் பிடுங்கு" என்கிறார் மாமா. எந்தப் போதைப்பொருள் உடம்பை என்ன செய்யும், சினிமாவும் போனும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்தால் தம்பி கைமீறிப் போய்விட்டானா, அவனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்பதுதான் உங்கள் மனசில் கிடக்கும் கேள்வி என்று தோன்றுகிறது.

நான் பாளையங்கோட்டையில் குடி, போதைக்கு வரும் ஆட்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பல வருடம் வேலை பார்த்த மனநல சமூகப் பணியாளர். மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் இல்லை. உங்கள் தம்பியை நான் பார்த்ததும் இல்லை. பையில் கிடந்ததை மட்டும் வைத்து அவன் அடிமையாகிவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவ்வப்போது தொட்டுப் பார்ப்பவன் வேறு, அது இல்லாமல் பொழுது விடியாதவன் வேறு. இருவருக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. முக்கால்வாசிப் பையன்கள் அந்த நடுவில்தான் எங்கேயாவது நிற்கிறார்கள்.

மூன்றில் என்னை உறுத்துவது மாத்திரை அட்டைதான். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மாத்திரையாகவோ வயிற்றுப்புண் மாத்திரையாகவோ இருந்தால் கதை அதோடு முடிந்தது. டேபென்டடால், டிரமடால் என்று இருந்தால் அது கடும் வலிக்குக் கொடுக்கும் மாத்திரை. அபின் போலவே மூளையில் வேலை செய்கிற வகை. நைட்ரஸிபாம், அல்ப்ரஸோலாம் என்றால் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. பிரிகாபலின் நரம்பு வலிக்கானது. எல்லாமே டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மருந்துகள். டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு எங்களிடம் வந்த பையன்கள் பேச்சில் டேபென்டடால் பெயர்தான் அதிகம் அடிபட்டது. மருந்துக்கடை மாத்திரை, கம்பெனி அட்டை, எக்ஸ்பைரி தேதி எல்லாம் போட்டிருக்கிறது, இது என்ன செய்துவிடும் என்பதுதான் அவர்கள் எண்ணம். இந்த மாத்திரைகளைக் குடியோடு சேர்த்தால் மூச்சு விடும் வேகம் குறைந்துகொண்டே போகும். தூங்குகிறான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தட்டினாலும் முழிக்காமல், கரகரவென்று குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சு வந்தால், உதடு நீலம் பாரித்தால், கண் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால், மாமாவைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன சாப்பிட்டான் என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை ஊசியில் ஏற்றும் பழக்கத்துக்குப் போனவர்களுக்குக் கையில் சீழ்க்கட்டி, கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி என்று வேறொரு வரிசை காத்திருக்கிறது. அவன் முழங்கை மடிப்பைப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் பாருங்கள்.

அதே நேரம், அட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டு அவனை ரூமில் போட்டுப் பூட்டும் யோசனை வேண்டாம். தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் போட்டவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலி மாத்திரைக்காரனுக்கு நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி, கை கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கம் போய்விடும். ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் கொஞ்ச நாள் நிறுத்திய பிறகு பழைய அளவையே திரும்பப் போட்டால் உடம்பு தாங்காது, சாவு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் முறையான மருந்து இருக்கிறது.

கூல் லிப்பை நீங்கள் போகிற போக்கில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஏதோ மிட்டாய் மாதிரி. நெல்லைப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன் முதலில் தொடும் போதைப்பொருள் பெரும்பாலும் இதுதான். சின்னப் பொட்டலமாக இருக்கும் புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொண்டு, வாத்தியார் கேள்வி கேட்டால்கூட வாயைத் திறந்து பதில் சொல்லிவிடலாம். புகை இல்லை, நாற்றம் இல்லை, துப்ப வேண்டிய தொல்லையும் இல்லை. மெல்லும் புகையிலைக்கும் குட்காவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. வருடா வருடம் உத்தரவைப் புதுப்பிக்கிறார்கள். பெட்டிக்கடையில் ஜாடிக்குப் பின்னால் கை போகிறதா என்று நின்று பாருங்கள், தெரியும். நிகோடின் மாதிரி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பொருள் வேறொன்று சொல்வது கஷ்டம். அதக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு வருவது புற்றுநோய்க்கு முன்னால் வரும் அடையாளமாக இருக்கலாம். பாக்கும் சேர்த்து மெல்கிறவர்களுக்கு வாய்க்குள் தோல் இறுகி, மூன்று விரலைக்கூட நுழைக்க முடியாத அளவுக்கு வாய் சுருங்கிவிடும். இந்தியாவில் புகையிலையால் வருடத்துக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். கஞ்சா, மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் கூட்டினாலும் பக்கத்தில் வராது.

இங்கே ஒரு விஷயம். அம்மா பீடி சுற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையம், ஆழ்வார்குறிச்சி, முக்கூடல், மேலப்பாளையம் என்று எத்தனையோ வீடுகளில் அரிசி வருவது அந்தத் தட்டிலிருந்துதான். மடியில் தட்டை வைத்து, வெட்டிய இலையில் தூளைப் பரப்பி உருட்டி நூல் கட்டும்போது அந்தத் தூசி அம்மாவின் மூச்சிலும் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை மூச்சிலும் போகிறது. அதற்காக அம்மாவைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் புகையிலை என்பது சோறு போடும் பொருளாக இருக்கும் வீட்டில் அதைப் போதைப்பொருள் என்று பையன் மனசு ஏற்காது. அவனோடு பேசும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

கண் சொட்டு மருந்துக்கு வருகிறேன். கஞ்சா புகைத்தால் கண்ணில் ரத்தக்குழாய் விரிந்து சிவக்கும்; அதை மறைக்கப் பையன்கள் சொட்டு மருந்து வைத்திருப்பது உண்டு. ராத்திரி இரண்டு மணி வரை போன் பார்ப்பவனுக்கும் கண் சிவக்கும். வெல்டிங் லேப் உள்ள பாலிடெக்னிக் பையனுக்கு நியாயமாகவே சொட்டு மருந்து தேவைப்படும். ஆகையால் இதைச் சாட்சியாக வைத்து விசாரணை நடத்தாதீர்கள். கஞ்சாவைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது: புகைத்த சில நிமிடத்தில் ஏறும், சில மணி நேரம் நிற்கும், அந்த நேரத்தில் ஞாபகமும் நேரக் கணக்கும் தடுமாறும், பைக் ஓட்டினால் ஆபத்து. தொட்டவர்கள் எல்லோரும் அடிமையாவதில்லை. சுமார் பத்தில் ஒருவர் ஆகிறார், விடலைப் பருவத்தில் ஆரம்பித்தால் ஆறில் ஒருவர். மூளை இருபத்தைந்து வயசு வரை வளர்ந்துகொண்டிருப்பதால் சின்ன வயசில் தொடங்குவதற்கு விலை கூடுதல். தினமும் புகைப்பவர்களுக்கு, அதிலும் பரம்பரையில் மனநோய் உள்ளவர்களுக்கு, காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சந்தேகப்படுவது போன்ற நிலை வரும் வாய்ப்பு அதிகம். இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் தீராத சண்டை ஒன்று உண்டு: கஞ்சா இல்லாவிட்டாலும் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த நோய் வந்திருக்கும் என்பது. எங்களுக்கு நடைமுறையில் வரும் சிக்கல் வேறு. பையன் ராத்திரி தூங்காமல் சுவரைப் பார்த்துப் பேசினால், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கோயில் கோயிலாகப் போய்விட்டு ஆறு மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. அதே வாரத்தில் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர் முகர்வது உங்கள் தம்பி வயசைவிடச் சிறுசுகளிடம் அதிகம். போதைப் பழக்கம் பற்றி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாக இருந்த போதைப்பொருள் வகை அது ஒன்றுதான். இதயம் தாறுமாறாகத் துடித்து முதல் தடவையிலேயே உயிர் போகலாம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. 10 முதல் 75 வயசுக்குள் குடிப்பவர்கள் கிட்டத்தட்ட 16 கோடி, கஞ்சா வகை எடுப்பவர்கள் 3 கோடிச் சொச்சம். ஆனால் செய்தியில் பாருங்கள், கால் கிலோ கஞ்சாப் பொட்டலத்துக்குப் பின்னால் நான்கு பேரை நிறுத்திப் படம் வரும். உங்கள் அப்பா வாரக் கடைசியில் குடிப்பது உங்கள் கேள்வியில்கூட அடைப்புக்குறிக்குள்தான் வருகிறது. நம்ம ஊர்ப் பையன் முதல் பீரைக் குடிப்பது பெரும்பாலும் எங்கே? கோயில் கொடையில். மைக் செட் கட்டி, வில்லுப்பாட்டு முடிந்து, சாமக்கொடைக்குக் கூட்டம் கோயிலைச் சுற்றி நிற்கும் நேரத்தில் நாலு பேர் குளத்தங்கரைப் பக்கம் ஒதுங்குவார்கள். ஊற்றிக் கொடுப்பவன் மெட்ராஸிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ லீவுக்கு வந்த சித்தப்பா மகனாக இருப்பான். சுடலைமாடனுக்கே சுருட்டும் சாராயமும் படைக்கிற ஊரில் அதைத் தப்பு என்று அந்த வயசில் எவனும் நினைப்பதில்லை. ரீல்ஸ் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து நடப்பது இது. (கள்ளுக்கு அனுமதி கொடுத்திருந்தால் இந்தக் கேடு வந்திருக்காது என்று ஒரு அண்ணாச்சி கீழே பின்னூட்டம் போடுவார், தெரியும். கள்ளில் இருக்கும் ஆல்கஹாலும் குவார்ட்டரில் இருக்கும் ஆல்கஹாலும் ஒரே சரக்குதான், அளவுதான் வேறு.)

சரி, அப்படியானால் சினிமாவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. புகையிலை விஷயத்தில் இது நிரூபணம் ஆன சங்கதி. படத்தில் புகைக்கும் காட்சிகளை அதிகம் பார்க்கும் சிறுவர்கள் புகைக்கத் தொடங்குவது அதிகம், இது தற்செயலான ஒற்றுமை இல்லை, காரண காரியத் தொடர்பே உண்டு என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2012-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதே வருடம் வெளியான, டெல்லிப் பள்ளி மாணவர்களிடம் இந்திப் படங்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே திசையில்தான் காட்டியது. குடிக்கும் காட்சிகளுக்கும் விளம்பரத்துக்கும் சான்று ஓரளவு வலுவாக இருக்கிறது. கஞ்சா, மாத்திரை விஷயத்தில் ரீல்ஸ் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்கள் என்பதற்கு அந்த அளவு சான்று கிடையாது. அங்கே முட்டையா கோழியா என்ற சிக்கல் இருக்கிறது: அந்தப் பக்கம் மனசு சாய்ந்த பையன் அந்த மாதிரி வீடியோவில் நின்று பார்க்கிறான், நின்று பார்ப்பதாலேயே போன் மேலும் அதையே கொண்டுவந்து கொட்டுகிறது. எது முதலில் என்று பிரிப்பது லேசில்லை.

என் அனுபவத்தில் படமும் ரீல்ஸும் பொருளைக் கையில் கொடுப்பதில்லை. கொடுப்பவன் எப்போதும் தெரிந்த முகம்தான், ஹாஸ்டல் ரூம்மேட், கிரிக்கெட் டீமில் மூத்தவன். படம் செய்வது, கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஆக்குவது. காதல் தோற்றால் குடிக்க வேண்டும், நண்பன் என்றால் பார்ட்டி வைக்க வேண்டும், கெத்து என்றால் வாயில் ஒன்று புகைய வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து பார்த்தவனுக்கு அந்த நிமிடத்தில் மறுக்க வசனமே தெரியாது. மூலையில் ஓடும் எச்சரிக்கை வரி 2012 அக்டோபர் 2 முதல் கட்டாயம், ஓடிடிக்கும் 2023-இல் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் திரை முழுக்க நாயகன் ஸ்லோமோஷனில் புகைவிடும்போது அந்தப் பொடி எழுத்தை எவன் படிக்கிறான்? டிவியில் மது விளம்பரம் கூடாது என்று சட்டம் இருப்பதால் அதே பெயரில் சோடா விற்கிறார்கள், பான் மசாலாக் கம்பெனி ஏலக்காய் விற்கிறது, பெரிய நடிகர்கள் வந்து சிரிக்கிறார்கள். எனக்கு ரீல்ஸைவிட இதில்தான் கோபம்.

செய்தியும் ஊடகம்தான் என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். "எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கஞ்சா" என்று தினமும் அலறினால், பயப்படுவது அம்மாமார்கள்; பையன் எடுத்துக்கொள்வது, "அப்போ எல்லாரும்தான் அடிக்கானுக, நான் மட்டும் என்ன" என்பதை. இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை இளைஞர்களுக்கென்று பெரும் செலவில் போதை எதிர்ப்பு விளம்பரம் ஓட்டினார்கள். பிறகு மதிப்பிட்டபோது கஞ்சாவைக் குறைத்ததற்குச் சான்றில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் மற்றவர்கள் எல்லாம் புகைக்கிறார்கள் என்ற எண்ணம் கூடியதற்கு அடையாளம் இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் "பள்ளி வாசலில் ஸ்ட்ராபெரி வாசனைப் போதை மிட்டாய்" தகவலும் 2007 வாக்கில் அமெரிக்காவில் கிளம்பிய வதந்தி. ஊர் பெயரை மட்டும் மாற்றி இன்னும் சுற்றுகிறது. கஞ்சா கலந்த சாக்லேட் பிடிபடுவது உண்மை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்ற விளம்பரம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். அதில் டைசல்ஃபிராம் என்ற குடியை நிறுத்தக் கொடுக்கும் மருந்து இருந்து, அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அப்பாவுக்காக யாரும் அதை வாங்கி வைத்திருந்தால் தூரப் போடுங்கள்.

போனைப் பிடுங்கலாமா என்றால், நான் பிடுங்க மாட்டேன். பத்தொன்பது வயசுக்காரன் வேறு போன் வாங்கிக்கொள்வான், உங்களிடம் பேசுவதை மட்டும் நிறுத்துவான். பேச்சை அவன் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், மாமா இல்லாதபோது எடுங்கள். "லேய், இது உன் பையில கெடந்துச்சு. அம்மாட்ட சொல்லல. எனக்குக் கோவம் இல்ல, பயமா இருக்கு. என்னன்னு நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், கஷ்டம் அதில்தான். முதல் பதில் பொய்யாக இருக்கும். "பிரெண்டோடது" என்பான். சண்டை போடாமல் விடுங்கள், ஒன்றிரண்டு நாளில் அவனே கொஞ்சம் உண்மை சொல்வான். அப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எத்தனை நாளைக்கு ஒரு தடவை, தனியாகவா கூட்டத்திலா, மாத்திரையைக் குடியோடு சேர்த்தது உண்டா, ஊசி உண்டா என்பது. தனியாகப் போடுகிறான், காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் தீராது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குத் தென்காசி தலைமை மருத்துவமனை கிட்ட. காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். போகும் முன் போனில் பேச மனநல உதவி எண் 14416, போதை மீட்புக்கென்று 14446, இரண்டும் இலவசம். போலீஸுக்குத் தகவல் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே, சிகிச்சைக்குத் தானாக முன்வரும் அடிமைக்கு உபயோகித்த குற்றத்துக்காக வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளி விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. விற்பவனுக்கு இதெல்லாம் பொருந்தாது, தம்பி நண்பர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறானா என்பதைக் கவனியுங்கள். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள். கட்டிப்போட்டு அடிப்பதைச் சிகிச்சை என்று நடத்தும் இடங்களிலிருந்து உடைந்துபோய் எங்களிடம் வந்த பிள்ளைகள் உண்டு.

அவன் வர மாட்டேன் என்று சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் நீங்கள் மட்டும் போங்கள். வீட்டில் ஒருவருக்கு எப்படிப் பேசுவது, எப்போது பணம் கொடுக்காமல் இருப்பது, நல்ல நாளில் எப்படி அவனோடு சேர்ந்து உட்கார்வது என்று பழக்கினாலே, மறுத்துக்கொண்டிருந்த ஆள் சிகிச்சைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். சீட்டை உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளலாம். மாத்திரை அட்டையின் போட்டோவை மறக்காமல் கொண்டுபோங்கள்.